பிளஸ் டூ பிள்ளைகளிடம் ‘டெக்னாலஜி படிங்க’ என்று இன்னும் சொல்லலாமா?

சூலூர் கணக்கு வாத்தியார்

வணக்கம்ங்க. சூலூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறேன். நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் பெற்றோர் கூட்டத்தில், கணக்கு நன்றாக வருகிற பிள்ளைகளை இன்ஜினியரிங்கோ பாலிடெக்னிக்கோ கம்ப்யூட்டரோ, ஏதாவது ஒரு தொழில்நுட்பப் படிப்பில் சேர்த்துவிடுங்கள் என்று பேசினேன். ஒரு அப்பா எழுந்தார். "ஏனுங்க சார், எங்க வீதியிலயே நாலு இன்ஜினியர் இருக்காங்க. அதுல ரெண்டு பேரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறாங்க. இன்னும் எதுக்குங்க இதையே சொல்றீங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தறி ஓட்டுகிறவர்கள், மில்லுக்கு ஷிப்டு போகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தோட்டம் கிடையாது, கடை கிடையாது. படிப்பை விட்டால் அந்த வீடுகளுக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ல் இருந்து பொறியியலிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. டியூஷன் பீஸையும் ஹாஸ்டல் செலவையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட்டில் நம்ம கோவையில் வைத்துத்தான் தொடங்கினார்கள். இவ்வளவு கதவு திறந்திருக்கும்போது "போகாதே கண்ணு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜிசிடி) 1980ல் பி.இ. முடித்தார். பிஎஸ்ஜி டெக்கில் எம்.இ. படித்துவிட்டு 1982ல் இஸ்ரோவுக்குப் போனார். 2008ல் சந்திரயான்-1 கிளம்பியபோது அவர்தான் திட்ட இயக்குநர். அவர் வீட்டிலும் யாராவது ஒருவர் "நமக்கு எதுக்குப்பா இன்ஜினியரிங்" என்று நிறுத்தியிருக்கலாம் அல்லவா?

எதிர்க்கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அப்பாவுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

ஆவாரம்பாளையம் லேத்

வாத்தியார் ஐயா, அந்த அப்பா கேட்டது நியாயமான கேள்விங்க.

நான் ஆவாரம்பாளையத்தில் ஜாப் ஆர்டர் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட், வால்வுக்கு பாடி, டெக்ஸ்டைல் மெஷினுக்குச் சின்னச் சின்ன ஸ்பேர். அப்பா காலத்தில் சாதா லேத், இப்போது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற சிஎன்சியும் விஎம்சியும். ஆள் தேவை என்று போர்டு வைத்தால் முதலில் வந்து நிற்பது பி.இ. மெக்கானிக்கல் பையன்கள்தான். நான் மார்க் ஷீட்டைப் பார்ப்பதில்லை. மேஜையில் ஒரு டிராயிங், கடைந்து முடித்த ஒரு ஷாஃப்ட், ஒரு மைக்ரோமீட்டர் வைப்பேன். "25 மில்லிமீட்டர், பிளஸ் மைனஸ் 0.02 போட்டிருக்கு. இந்த ஜாப் ஓகேவா, ரிஜெக்டா?" இதுதான் கேள்வி. நிறையப் பேர் பின்னால் இருக்கிற ராட்செட்டை விட்டுவிட்டு திம்பிளைப் பிடித்து இறுக்குகிறார்கள். அப்படி இறுக்கினால் அளவு குறைத்துத்தான் காட்டும். நல்ல ஜாப்பை ரிஜெக்ட் என்பார்கள், ரிஜெக்டை ஓகே என்பார்கள்.

அடுத்து, "வெட்டுற இன்சர்ட் முனை தேயத் தேய ஷாஃப்ட்டோட வெளி டயா கூடுமா, குறையுமா?" என்று கேட்பேன். தேய்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் "குறையும்" என்று சொல்லிவிடுகிறார்கள். தேய்ந்த முனை குறைவாகத்தான் வெட்டும், அதனால் டயா கூடும், மெஷினில் ஆஃப்செட் என்கிற அளவுத் திருத்தத்தில் மைனஸ் கொடுக்க வேண்டும். டிப்ளமோ முடித்த ஒரு அம்மிணி வந்தார். இதைச் சொல்லிவிட்டு, "உள் போர் அடிக்கும்போது இதே தேய்மானத்துல அளவு குறையுங்க" என்று நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு மூன்று மெஷின் செட்டிங் அவர் பொறுப்பு.

கோவையில் 1945ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் பொறியியல் கல்லூரி வர முன்னின்றவர் ஜி.டி. நாயுடு. நாலு வருடப் படிப்பு காலவிரயம், இரண்டு வருடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அவரே வாதாடினார். அரசாங்கம் ஒப்பவில்லை என்றதும் விலகிவிட்டார். அவர் சொன்னதைத்தான் நான் எண்பது வருடம் கழித்துப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை பழகுவதற்கு முன்னால் பிள்ளைகளை டிகிரிக்குத் துரத்தாதீர்கள்.

சூலூர் கணக்கு வாத்தியார்

அண்ணா, ஜி.டி. நாயுடு விலகிய அந்தக் கல்லூரிதான் பின்னால் ஜிசிடி ஆனது. நான் மேலே சொன்ன அண்ணாதுரை பி.இ. படித்ததும் அதே கல்லூரிதான். செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையைக் கணக்குப் போட இரண்டு வருடப் பட்டறைப் பயிற்சி போதாதுங்க.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதலில் கை பழகட்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் பழக உங்கள் அப்பாவின் லேத் இருந்தது. என் மாணவனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவனுக்குக் கல்லூரி லேப்தான் முதல் பட்டறை.

ஆவாரம்பாளையம் லேத்

என் பட்டறையில் இன்றைக்குச் சீனியர் செட்டராக இருக்கிறவர் ஒட்டன்சத்திரத்தில் இருந்து ஹெல்பராக வந்தவர். அவருடைய அப்பாவுக்கும் லேத் கிடையாதுங்க. ஐடிஐ டர்னர் முடித்துவிட்டு வந்தார், சம்பளத்தோடு கற்றுக்கொண்டார். ஒரு ரூபாய் கடன் இல்லை.

2019 பாஸ்அவுட்

நானும் வாத்தியார் சாருக்கு எதிர்த்தரப்புதான். ஆனால் லேத் அண்ணன் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

பி.இ. பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். எங்கள் கல்லூரியில் அது கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது அண்ணா. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற அன்றைக்கு வெளியே எடுத்துத் துடைத்து வைத்தார்கள். சிஎன்சி லேபில் மெஷின் ஒன்று, பேட்ச்சில் அறுபது பேர். நாங்கள் அதை ஓட்டவில்லை, சுற்றி நின்று பார்த்தோம். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லாச் சோதனையும் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

எங்கள் ஊர் அந்தியூர்ப் பக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே கல்லூரி ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அட்வான்ஸையும் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். மேனேஜ்மென்ட் கோட்டா. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. கவுன்சலிங்கில் போயிருந்தால் அந்தச் சலுகை கிடைத்திருக்கும் என்பதே மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. நாலு லட்சம் கல்விக் கடன். படிக்கிற காலத்திலும் முடித்து ஒரு வருடம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்று பேங்க்கில் சொன்னார்கள், அது உண்மைதான். அந்த ஐந்து வருடமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை அப்பாவுக்கு யாரும் விளக்கவில்லை.

இப்போது திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர் அனுப்புகிற டெக் பேக்கை, அதாவது ஆடையின் விவரத் தாளைப் பார்த்து சாம்பிள் போட வைப்பது, துணி எப்போது வரும் என்று டையிங்குக்கும் நிட்டிங்குக்கும் போன் அடிப்பது. வேலையைக் குறை சொல்லவில்லை, சோறு போடுகிறது. ஆனால் இதற்கு நாலு வருட மெக்கானிக்கல் தேவையில்லை.

வாத்தியார் சார், என்னையும் "படி, படி" என்று நிறையப் பேர் ஊக்கப்படுத்தினார்கள். அட்மிஷன் முடிந்த பிறகு அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன், அரியர் விழுந்தால் யாரிடம் போவது என்று கூட வந்து சொல்லாதவருக்கு ஊக்கப்படுத்தும் உரிமை இல்லை என்பது என் கருத்து. மேடையில் சொல்கிற வார்த்தைக்கு இருபத்தைந்து வயதில் வட்டி கட்டுவது நாங்கள்.

தாராபுரம் டூ சரவணம்பட்டி

தம்பி, உங்கள் கோபத்தில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் பெண் பிள்ளைகளைப் பற்றி இங்கே இன்னும் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அப்பா ஆட்டு வியாபாரம். பிளஸ் டூ முடித்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும், "பொட்டப்புள்ளைக்கு இங்கயே பக்கத்துல பி.காம். போதும், போய்ட்டு சாயங்காலம் வந்துரும்" என்றார்கள். என் வகுப்பிலேயே சிலர் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலுக்குப் போனார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று அழைத்துப் போகிற திட்டம். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பி வந்தவர்களுக்குப் பேசிய பணம் கிடைக்கவில்லை. என்னைக் காப்பாற்றியது எங்கள் பிசிக்ஸ் டீச்சர். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, கவுன்சலிங்குக்குக் கூடவே வந்தார்.

முதல் செமஸ்டர் நரகம்தான். தமிழ் மீடியம். வகுப்பில் "டிக்ளேர்", "இனிஷியலைஸ்" என்று காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் நோட்டு ஓரத்தில் எழுதிக்கொள்வேன். ராத்திரி ஹாஸ்டலில் சீனியர் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். கணக்கில் அரியர் வந்தது. பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப்தான் என்னிடம் இருந்த ஒரே கம்ப்யூட்டர். அதில் பாயின்டர் புரியும்வரை ஒரே புரோகிராமைத் திரும்பத் திரும்ப அடித்து, என்ன எரர் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புரிந்த பிறகுதான் தைரியம் வந்தது.

விளாங்குறிச்சியில் டைடல் பார்க் 2010ல் திறந்தது. அதற்குப் பிறகு சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம் வந்த கம்பெனிகளால்தான் என்னைப் போன்றவர்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இங்கேயே வேலை பார்க்க முடிகிறது. இப்போது ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் டீம் லீட். தம்பியை நான்தான் படிக்க வைத்தேன். மாப்பிள்ளை பார்த்தபோது என்னையும் கூடத்தில் உட்கார வைத்து, "உனக்கு என்ன தோணுது அம்மிணி?" என்று அப்பா கேட்டார். என் சம்பளம் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே எந்தப் பெண் பிள்ளை கேட்டாலும் டெக்னாலஜி எடு என்றுதான் சொல்வேன்.

சோமனூர் தறி

கூலிக்குத் தறி ஓட்டறவன் நான். மீட்டருக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போட்டே ஆயுசு போய்விட்டது. கூலி உயர்வுக்காக 2022லும் நிறுத்தினோம், 2025லும் நிறுத்தினோம். தறி நின்ற வாரங்களில் வீட்டில் எரிந்த வயிறு எங்களுக்குத்தான் தெரியும். காதும் மந்தமாகிவிட்டது.

என் மகன் என்ன படித்தாலும் சரிங்க, தறிக்கு வரக் கூடாது. ஆனால் அந்தியூர் தம்பி கடனைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. கடன் இல்லாத வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

2019 பாஸ்அவுட்

அக்கா, நீங்கள் சேர்ந்த காலம் வேறு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டவர்களை அனுப்பப் போவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படிச் செய்கிறது. நீங்கள் எழுதுகிற டெஸ்ட் ஸ்கிரிப்ட்டை இப்போது ஏஐயே எழுதிவிடுகிறது. இன்றைக்கு முதல் வருடம் சேர்கிற பிள்ளை வெளியே வர நாலு வருடம் ஆகும். அதுவரை இந்த வேலைகள் இருக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? இதைச் சொல்லாமல் "எடு" என்பது எப்படி நியாயம்?

தாராபுரம் டூ சரவணம்பட்டி

உறுதி சொல்ல முடியாது தம்பி. எந்தத் தொழிலுக்குத்தான் சொல்ல முடியும்?

எங்கள் டீமில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை ஏஐ எழுதுகிறது, உண்மைதான். முன்னைப் போல ஃபிரெஷர்களைக் கூட்டமாக எடுப்பதில்லை, அதுவும் உண்மை. இப்போது இன்டர்வியூவில் நான் ஒரு புரோகிராமைக் கொடுத்து, "இதில் எங்கே தப்பு, ஏன் தப்பு?" என்றுதான் கேட்கிறேன். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் கார்ட்டில் பொருளே இல்லாமல் பில் போட விட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இடம் இருக்கிறது. யூடியூப் பார்த்து மனப்பாடம் செய்து வருகிறவருக்கு இல்லை. லேத் அண்ணன் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்ப்பதும் நான் புரோகிராமை வைத்துப் பார்ப்பதும் ஒரே சோதனைதான்.

பெரிய கம்பெனிதான் உலகம் என்றும் நினைக்க வேண்டாம். கோவையிலேயே வளர்ந்த கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம் 2025 தொடக்கத்தில் 140க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சுமார் 14 கோடி ரூபாய் போனஸ் கொடுத்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

நொய்யல் கரை

இவ்வளவு நேரமும் டெக்னாலஜி என்றால் ஒன்று லேத், இல்லை என்றால் ஐடி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கி நின்ற சாயத் தண்ணீரால் கீழ்ப்பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு அது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்று ஆனது. நான் அப்படிப்பட்ட ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறேன்.

சாயத் தண்ணீர் வந்ததும் முதலில் பாக்டீரியா டேங்கில் அழுக்கை எடுக்க வேண்டும். அப்புறம் ஃபில்டர், அப்புறம் ஆர்.ஓ. மெம்பிரேன். நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பப் போய்விடும். மிஞ்சுகிற உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் சுண்ட வைத்து, உப்பைப் பிரித்தெடுத்து, அதையும் சாயம் போடவே திருப்பிக் கொடுக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்.ஓ.வில் பிரஷர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்திருக்கிறதா, பாக்டீரியா படலமா, முன்னால் இருக்கிற ஃபில்டரில் கோளாறா? ஒவ்வொன்றுக்கும் கழுவுகிற கெமிக்கல் வேறு. மாற்றிக் கழுவினால் மெம்பிரேனே போய்விடும், லட்சக்கணக்கில் நஷ்டம். மெஷின்களைக் கட்டுப்படுத்துகிற பிஎல்சி திரையில் வருகிற எண்களைப் பார்த்துக் காரணத்தை யோசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், என்விரான்மென்டல் படித்தவர்கள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம்.

ஆனால் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? நல்ல நிலையில் இருக்கிற கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை சீட்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25ல் எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏஐ என்று சீட்டைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சிவில், மெக்கானிக்கல் மாதிரிப் பிரிவுகளைச் சுருக்குகிறார்கள். நம்ம ஆற்றைச் சுத்தமாக வைத்திருக்கிற படிப்பும் டெக்னாலஜிதான் என்று பிள்ளைகளிடம் யாராவது சொல்கிறார்களா? வாத்தியார் ஐயா, உங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னீர்களா?

கோபி அம்மா

எல்லாரும் விவரம் தெரிந்தவர்களாக இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். மகளுக்கு கட்-ஆஃப் 163. ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளிதான். வீட்டில் யாரும் டிகிரி இல்லை. ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்கணும் என்கிறாள். என் அண்ணன் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டணும், இல்லை என்றால் சீட் போய்விடும் என்கிறார். என்ன செய்வது?

2019 பாஸ்அவுட்

கட்டாதீங்கம்மா. தயவுசெய்து கட்டாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள் என்று எங்களிடமும் இதே மாதிரிதான் அவசரப்படுத்தினார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

சூலூர் கணக்கு வாத்தியார்

அம்மா, தம்பி சொல்வதைக் கேளுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடும் முதல் பட்டதாரிச் சலுகையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற அரசு கவுன்சலிங் வழியாகப் போனால்தான். மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் இரண்டும் போய்விடும். உங்கள் மகள் போன்ற பிள்ளைக்காகத்தான் அந்த ஒதுக்கீடே வந்தது. அதை விட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டுவது கையில் இருக்கிற நெல்லைக் கொட்டிவிட்டு ரேஷன் வரிசையில் நிற்பதற்குச் சமம்.

செலவு இல்லாத வழி கேட்ட சோமனூர் அண்ணனுக்கும் இதுதான் பதில். அரசுப் பள்ளிப் பிள்ளை, கவுன்சலிங் வழி, 7.5 சதவீதம். அது கிடைக்காமல் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் இருக்கிறது. ஆனால் கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் அல்லது என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடமாக இருக்க வேண்டும். அதனால் கல்லூரியின் அங்கீகாரத்தைப் பார்ப்பது கௌரவத்துக்காக இல்லை, வட்டிக்காகவும்தான்.

கோபி அம்மாவுக்கு: பட்டியல் கொடுக்கும்போது எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். கிடைக்காது என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம், உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் போடுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் செமஸ்டரில் எத்தனை சதவீதம் பேர் பாஸ் என்ற பட்டியலை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் ஒரு கல்லூரியையும் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற கவுன்சலிங் உதவி மையத்துக்குப் போனால் விண்ணப்பத்தை அவர்களே போட உதவுவார்கள்.

2019 பாஸ்அவுட்

இன்னொன்று. கல்லூரியைப் பார்க்கப் போனால் ஆபீஸில் உட்கார வைத்து காபி கொடுத்து, பிளேஸ்மென்ட் போஸ்டரைக் காட்டுவார்கள். நீங்கள் சாயங்காலம் காலேஜ் பஸ் நிற்கிற ஸ்டாப்புக்குப் போங்கள். மூன்றாம் வருடம் படிக்கிற இரண்டு பிள்ளைகளிடம் "லேபில் மெஷினை நீங்களே தொடுகிறீர்களா, எத்தனை அரியர் வைத்திருக்கிறீர்கள், ஈசிஇக்கு சார் யாராவது நடுவில் வேலையை விட்டுப் போனாரா?" என்று கேளுங்கள். அங்கே உண்மை வரும்.

ஆவாரம்பாளையம் லேத்

ஈசிஇ நல்ல படிப்புதான். இப்போது தோட்டத்தில் மோட்டாரை வீட்டில் இருந்தே செல்போனில் ஆன் பண்ணுகிறோமே, அந்த ஸ்டார்ட்டர் பேனலைக் கோவையிலேயே செய்கிறார்கள். போர்டு டிசைன் பண்ண ஆள் தேவை.

ஆனால் என் யோசனை வேறு. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ கையில். அதற்கப்புறம் வேண்டும் என்றால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம். இல்லை என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி டெக் போன்ற கோவைக் கல்லூரிகளில் சாயங்கால வகுப்பில் பி.இ. முடிக்கலாம். பகலில் பட்டறை, ராத்திரி படிப்பு. அப்படிப் படித்தவர்கள்தான் இந்த ஊரில் பாதிக் கம்பெனியை நடத்துகிறார்கள். தொழிற்சாலையையும் படிப்பையும் சேர்த்தே வைத்த சாண்ட்விச் படிப்பு பிஎஸ்ஜி டெக்கிலும் இருக்கிறது, சிஐடி சாண்ட்விச் பாலிடெக்னிக்கிலும் இருக்கிறது. அதைப் பற்றி எந்த வாத்தியாரும் மேடையில் பேசுவதில்லை.

தாராபுரம் டூ சரவணம்பட்டி

அண்ணா, பையனுக்கு அது சரியாக இருக்கலாம். கோபி அம்மாவின் மகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டிப்ளமோ முடிந்து கையில் பேப்பர் வந்த அன்றைக்கே "அதான் படிச்சாச்சே" என்று மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சாயங்கால வகுப்பு முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஏறுவதற்கு எத்தனை வீட்டில் விடுவார்கள்? நாலு வருட அட்மிஷன் என்றால் நாலு வருடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த நாலு வருடம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரியது என்பது பட்டறைக் கணக்கில் வராது.

ஆவாரம்பாளையம் லேத்

என் பட்டறையில் செட்டிங் பார்க்கிற அம்மிணிக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் இருக்கிறது. வேலையை விடவில்லை. கையில் தொழில் இருந்தால் வீடு மதிக்கும் என்பதுதான் நான் கண்டது. நீங்கள் கண்டது வேறாக இருக்கலாம், அதற்காக என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சூலூர் கணக்கு வாத்தியார்

லேத் அண்ணா, மாற்றிக்கொள்ள வேண்டாம். ஒரு உதவி செய்யுங்கள். என் பிளஸ் டூ பிள்ளைகளை உங்கள் பட்டறைக்குக் கூட்டி வருகிறேன். அந்த ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரையும் அவர்கள் கையில் கொடுங்கள். நொய்யல் கரை ஐயா, உங்கள் நிலையத்தையும் பார்க்க அனுமதி கிடைக்குமா? நீங்கள் கேட்டதை நான் இதுவரை கூட்டத்தில் சொன்னதில்லை, இனிச் சொல்வேன். பார்த்த பிறகும் பொறியியல் வேண்டும் என்று கேட்கிற பிள்ளையை நான் தடுக்க மாட்டேன், இன்னும் உற்சாகமாக அனுப்புவேன்.

நொய்யல் கரை

மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன். எவாப்பரேட்டர் பக்கம் சூடு அதிகம், இருபது இருபது பேராகத்தான் விட முடியும்.

ஆவாரம்பாளையம் லேத்

தாராளமாக வாங்க. சனிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு வாரச் சம்பளப் பட்டுவாடா. செவ்வாய் புதன் சரி. செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போட்டு வரட்டும், உலோகச் சுருள் காலில் குத்தும். பெண் பிள்ளைகள் துப்பட்டாவையும் ஜடையையும் கட்டிக்கொண்டு வரட்டும், ஜாப்பைப் பிடித்திருக்கிற சக் சுற்றும்போது இழுத்துவிடும்.

2019 பாஸ்அவுட்

சார், பெற்றோர் கூட்டத்தில் எனக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். என் லோன் ஸ்டேட்மென்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன். வட்டி எந்த மாதத்தில் இருந்து எப்படி ஏறியது என்பதை வரி வரியாகக் காட்டுகிறேன். அதற்கு இடம் கொடுத்தால் உங்கள் கூட்டத்தில் நானும் இருப்பேன். இல்லாமல் பாராட்டு மட்டும் பேசுவதாக இருந்தால் நான் வர மாட்டேன்.

சூலூர் கணக்கு வாத்தியார்

வாங்க தம்பி. முதலில் நீங்கள் பேசுங்கள், அப்புறம் நான் பேசுகிறேன்.

கோபி அம்மா

அண்ணனிடம் அட்வான்ஸ் கட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கோபமாக இருக்கிறார். பரவாயில்லை. இன்னொரு சந்தேகம். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகப் போகிறேன். என் வீட்டுக்காரர் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவர். அதைப் பட்டம் என்று கணக்கில் எடுத்துவிடுவார்களா?

சூலூர் கணக்கு வாத்தியார்

இல்லைங்கம்மா. ஐடிஐ பட்டப்படிப்பு கிடையாது, நீங்கள் தைரியமாக விண்ணப்பியுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டில் எல்லாருடைய மாற்றுச் சான்றிதழ் நகலும் எடுத்துக்கொண்டு போங்கள். தாசில்தார் ஆபீஸில் இருந்து கையெழுத்தாகி வரச் சில நாள் ஆகும், அதனால் நாளைக்கே போய்விடுங்கள்.